போர்ட்டோ, பில்பாவோ: எந்தக் கோணத்தில் ஒப்பிடலாம்?

திட்டமாணவி:
நகரத் திட்டமிடல் படிக்கிறேன். தலைநகரம் அல்லாத இரண்டு நகரங்களை வெவ்வேறு நாடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டு எழுதவேண்டும். போர்ச்சுகலின் போர்ட்டோவையும் ஸ்பெயினின் பில்பாவோவையும் எடுத்திருக்கிறேன். இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள், கடலும் பக்கம். ஆனால் எதைத் தேடினாலும் பில்பாவோவுக்கு குகன்ஹைம் அருங்காட்சியகம், போர்ட்டோவுக்கு ஒயினும் நீல ஓடுகளும், அதற்குமேல் நகரவில்லை. இதைத் தாண்டி எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

ஆற்றுமணல்:
பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பிடியுங்கள். பில்பாவோ இருக்கும் பிஸ்காயா மாகாணம் தன் வரியைத் தானே வசூலித்து, மத்திய அரசின் செலவுகளுக்கான பங்கை அனுப்பிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. இது பிஸ்காயா சேர்ந்திருக்கும் வடஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்கு இருக்கும் பழைய உரிமை. 1980களில் கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு, 1983 வெள்ளத்தில் பழைய நகரம் மூழ்கி, இரும்பாலைகளும் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த ஊரால் தானே முடிவெடுக்க முடிந்தது என்றால் அதற்குப் பெரிய காரணம் இதுதான். குகன்ஹைம் திறந்தது 1997இல். அதற்கு முன்பே ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கிவிட்டது, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ 1995இல் ஓட ஆரம்பித்துவிட்டது. 1992இல் 'பில்பாவோ ரியா 2000' என்று ஒரு பொது நிறுவனம் தொடங்கினார்கள். துறைமுகம், ரயில்வே போன்ற அரசு அமைப்புகள் சும்மா கிடந்த நிலத்தை அதனிடம் கொடுத்தன. அது நிலத்தைக் குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றபடி மாற்றி விற்று, வந்த காசில் தண்டவாளங்களுக்கு மேலே தளம் போட்டு மூடுவது, கரையோரம் பூங்கா அமைப்பது என்று செலவழித்தது. திட்டமிடல் படிக்கிறவர் எழுதவேண்டியது இதைத்தான். மற்ற ஊர்கள் கட்டிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகின்றன, இந்த ஏற்பாட்டைப் பார்ப்பதில்லை.

போர்ட்டோவுக்கு அந்த வசதி கிடையாது. 1998இல் போர்ச்சுகலைப் பிராந்தியங்களாகப் பிரிக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பெரிய வேலை எதுவாக இருந்தாலும் லிஸ்பனையும் ஐரோப்பிய நிதியையும் எதிர்பார்க்கவேண்டியதுதான்.

வழிப்போக்கன்:
பாலங்களை விட்டுவிடாதீர்கள். போர்ட்டோவில் ஆறு செங்குத்தான பள்ளத்தில் ஓடுகிறது, அதனால் 1886இல் திறந்த லூயிஸ் பாலத்துக்கு இரண்டு தளம்: மேலே மலைமேட்டோடும் கீழே படித்துறையோடும் சேர்கிறது. இப்போது மேல்தளத்தில் மெட்ரோ ஓடுகிறது. பில்பாவோவுக்குக் கீழே ஆறு கடலில் சேருமிடத்தில் கரை தாழ்வு, உயரமான கப்பல்களோ போய்வந்தாகவேண்டும். அதனால் 1893இல் இரும்புச் சட்டத்தை உயரத்தில் கட்டி, அதிலிருந்து கம்பியில் ஒரு மேடையைத் தொங்கவிட்டு வண்டியையும் ஆளையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்தார்கள். இன்றும் ஓடுகிறது. அப்புறம், இரண்டு ஊரிலுமே துறைமுகம் கடலோரத்துக்கு இறங்கிப் போய்விட்டது. போர்ட்டோவுக்கு லெய்ஷோயஷ் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது, பில்பாவோ அதைவிட ரொம்பத் தாமதம்.

திட்டமாணவி:
ரொம்ப உதவியாக இருக்கிறது. போர்ட்டோவின் மக்கள்தொகை 1981இல் 3.27 லட்சம், 2021இல் 2.32 லட்சம். சுற்றுலா வாடகை வீடுகள்தான் ஆட்களை விரட்டின என்று எழுதலாமா?

மாடிவீடு:
அப்படி எழுதினால் ஆசிரியர் பிடித்துவிடுவார். 2011லேயே எண்ணிக்கை சுமார் 2.37 லட்சத்துக்கு வந்துவிட்டது, சுற்றுலா அலை பெரிதாக எழுந்தது அதற்குப் பிறகு. பழைய வாடகைகள் பல பத்தாண்டுகள் ஏறாமலே நின்றதால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்க்கவில்லை, வீடுகள் பாழாயின, இளம் குடும்பங்கள் கையா, மாயா, மட்டோசினியோஷ் என்று பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டன. காலியாகக் கிடந்த அந்த வீடுகளில்தான் பிற்பாடு சுற்றுலா வந்து உட்கார்ந்தது. இன்று மையத்தில் வாடகை ஏறி, மிச்சமிருக்கும் பழைய குடித்தனக்காரர்களுக்கு உண்மையான நெருக்கடி இருக்கிறது, அதைக் கண்டிப்பாக எழுதுங்கள், ஆனால் எது முதலில் நடந்தது என்பதை மாற்றிவிடாதீர்கள். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் எண்ணை மட்டும் கொடுக்காமல் சுற்றியுள்ள நகராட்சிகளின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், யார் எங்கே போனார்கள் என்பது அதில் தெரியும்.