கணக்குப் பாடத்தில் பிள்ளைகளின் சொந்த யோசனை: வட சென்னைக் கணக்கு ஆசிரியர்கள் நால்வர் வகுப்பில் கண்டவை

தண்டையார்பேட்டை, 6ஆம் வகுப்பு

இயற்கணிதம் தொடங்கும்போது குச்சிச் சதுர வரிசை கொடுப்போம். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, ஒட்டினாற்போல் இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. இதை உடனே அட்டவணையாகப் போட்டுவிட்டால் காரியம் கெட்டது. "மூணு மூணா கூடுது சார்" என்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். 100 சதுரத்துக்கு வழி தெரியாது.

அட்டவணைக்குப் பதிலாக 5 சதுரம் கொண்ட ஒரே வரிசையை வையுங்கள். ஒவ்வொன்றாக எண்ணாமல் 16 எப்படி வருகிறது என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. முன் பெஞ்சிலிருந்து விடை வந்துவிட்டால் பின் பெஞ்சில் யோசனை நின்றுவிடும்.

பிறகு வருவதைப் பாருங்கள். ஓரக் குச்சி 1, அப்புறம் ஐந்து மூன்று. முதல் சதுரம் 4, அப்புறம் நான்கு மூன்று. மேலே 5, கீழே 5, நிற்பது 6. தனித்தனிச் சதுரமாக 20, பொதுச் சுவர் 4 கழித்து 16. கரும்பலகையில் நான்கையும் சுருக்காமல் 1+3×5, 4+3×4, 5+5+6, 5×4−4 என்றே எழுதுங்கள். சுருக்கிவிட்டால் யோசித்த தடம் அழிந்துவிடும். 5 சதுரத்துக்குப் பதில் 100 சதுரம் என்று போட்டால் நான்கு வழியிலும் 301 வரும். N போட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

"10 சதுரத்துக்கு 31, அப்போ நூறுக்கு 310" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதை அழிக்காதீர்கள். பத்துப் பத்தாக இருக்கும் பத்து வரிசையையும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் இடம் 9, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி மிச்சம், 310−9=301. தப்பென்று தள்ளியிருக்க வேண்டிய விடை ஐந்தாவது வழியாகிவிடும். மருந்துள்ள தீக்குச்சி மட்டும் வேண்டாம். துடைப்பத்து ஈர்க்குச்சியை 4 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் போதும்.

ராயபுரம், 7, 8ஆம் வகுப்பு

சார், சுருக்காமல் எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. நம் பகுதியில் இதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த பி. கே. ஸ்ரீனிவாசன், மாத நாட்காட்டியையே கணக்குக் கருவியாக்கியவர். 3×3 கட்டத்தில் 9 தேதிகளின் கூட்டுத்தொகை நடுத் தேதியின் 9 மடங்கு. அதோடு விடாமல், நடு எண்ணைப் பெருக்கினாலே கூட்டுத்தொகை வரும் வேறு வடிவங்களைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கூட்டல் குறி, பெருக்கல் குறி, எச் வடிவம் எல்லாம் வரும். எல் வடிவம் வராது. ஏன் என்று அவர்களே சண்டை போடும்போது சமச்சீர் தானாகப் பேச்சில் வந்துவிடும்.

கோலம் இன்னும் வளமானது. நடு வரிசையில் 7 புள்ளி, இருபுறமும் 5, 3, 1 என நேர்ப்புள்ளி. மொத்தம் 25. இரண்டு நிறச் சாக்பீஸ் கொடுத்து மூலைவாட்டில் பார்க்கச் சொன்னால் 4×4 சதுரம் ஒன்றும், அதன் இடுக்குகளில் 3×3 சதுரம் ஒன்றும் பிரிந்து தெரியும்: 16+9. நடு வரிசை 5 என்றால் 9+4.

இடுக்குப் புள்ளியில் 7இல் தொடங்கி 4இல் நிறுத்தினால் 37. சிறியவற்றையும் போட்டுப் பார்த்தால் 1, 7, 19, 37. இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64. கன எண்கள்! 8ஆம் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு பரபரப்பு வரும், அதை அடக்க வேண்டாம். காரணம் காட்ட 64 சிறு கனசதுரக் கட்டைகள் வேண்டும். 4×4×4 அடுக்கை ஒரு மூலைக்கு நேராகப் பார்த்தால் கண்ணில் படும் கட்டைகள் 37, பின்னால் மறைந்திருப்பது 3×3×3. சர்க்கரைக் கட்டி வைத்தும் செய்யலாம், ஆனால் அன்றே எடுத்துவிடுங்கள், எறும்பு வந்துவிடும். கோலம் என்றதும் பையன்கள் ஒதுங்கினால், 'கோலம்' என்ற பேச்சே எடுக்காமல் புள்ளித்தாள் கொடுத்துத் தொடங்கலாம்.

வியாசர்பாடி, 7ஆம் வகுப்பு

எல்லாம் சரிங்க மேடம், சிலபஸ் ஓட வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு: புத்தகக் கணக்கையே திருப்பிப் போடுங்கள், தனி நேரம் தேவையில்லை. "5 எண்களின் சராசரி 8. எண்கள் என்ன?" முதலில் 8, 8, 8, 8, 8 வரும். அது சரியான விடைதான், பாராட்டிவிட்டு நிபந்தனையை இறுக்குங்கள்: 8 இருக்கக் கூடாது, ஒரு எண் 20. மொத்தம் 40, மீதி நான்குக்கும் சேர்த்து 20 என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்குச் சராசரி புரிந்துவிட்டது. வகுத்துக் காட்டும் பத்துக் கணக்கில் இது தெரியாது. திருத்தும்போது மட்டும் விடைக்குறிப்பை ஒதுக்கிவையுங்கள். நாற்பது நோட்டில் நாற்பது விடை இருக்கும். பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிச் சரிபார்க்கச் சொன்னால் இன்னொரு பயிற்சியும் ஆயிற்று.

திருவொற்றியூர், 9ஆம் வகுப்பு

அளவியலுக்கு ஒன்று. 18 செ.மீ. சதுரச் சார்ட் தாள், நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி மடித்துத் திறந்த பெட்டி. வெட்டும் முன் எது அதிகம் கொள்ளும் என்று எழுதி வாங்குங்கள். "ஒரே தாள், எல்லாம் சமம்" என்பார்கள் பலர். "கம்மியா வெட்டினா பெரிசு" என்பார்கள் சிலர். 40 பேரென்றால் 10 குழு, 1 முதல் 5 செ.மீ. வரை ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு குழு. கணக்குப்படி 256, 392, 432, 400, 320 க.செ.மீ.

மணல் நிரப்பி அளந்தால்தான் குழப்பம் வரும். சார்ட் சுவர் வெளியே பிதுங்கும், மேலே குவியும்; 432க்கும் 400க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். சுவரை வெளிப்பக்கம் டேப் சுற்றி இறுக்கி, மேலே ஸ்கேலால் வழித்துவிடுங்கள். அப்படியும் இரண்டு குழுவின் அளவு ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று அவர்களையே எழுதவிடுங்கள். பெட்டியின் அழகுக்குப் போடும் மதிப்பெண்ணை அந்தக் காரணத்துக்குப் போடலாம்.

அடுத்து 24 செ.மீ. தாள். இந்த முறை வெட்டும் முன் அளவையும் அவர்களே சொல்ல வேண்டும். பழக்கத்தில் 3 என்பார்கள் (972). 18க்கு 3 என்றால் ஆறில் ஒரு பங்கு, ஆக 4 என்று ஒரு குழு பிடித்துவிட்டால் (1024), 30 செ.மீ. தாளுக்கு வெட்டாமலே விடை சொல்லிவிடும்.