‘நெர்ஃப்’ என்பதற்கு ‘வலுக்குறைப்பு’ வேண்டாம், ‘மழுக்கம்’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் மாற்றக்குறிப்புகளைத் தமிழாக்குவதில் ‘நெர்ஃப்’ (ஓர் ஆயுதம் முன்போல் உதவாதபடி செய்யும் மாற்றம்), ‘பஃப்’ (அதைக் கூடுதலாக உதவச்செய்யும் மாற்றம்) இரண்டுக்கும் ‘வலுக்குறைப்பு’, ‘வலுவூட்டல்’ என்று முடிவாகிவிட்டதுபோல் சென்ற வாரம் ஒரு தோற்றம் எழுந்தது. எனக்கு மறுப்பு உண்டு. கொஞ்சம் நீளமான மறுப்பு, பொறுத்தருள்க.

சிதம்பரத்துப் பேராசிரியர் ஐயா தந்த ‘ஆயுத ஆற்றல் மட்டுப்படுத்தல்’ பிழையில்லாத தொடர். ஆனால் அதை ஒருவன் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி அவனைச் சுட்டுவிட்டு அடுத்த சந்துக்குப் போயிருக்கும். ‘வலுக்குறைப்பு’ அப்படி இல்லை, சிறிய சொல். அதன் சிக்கல் வேறு: நடப்பதைத் தவறாகச் சொல்கிறது.

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்னும் கணினி ஆட்டத்தில் ஏடபிள்யூபி என்னும் ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஆட்டக் காசில் 4,750 டாலர். காலில் படாதவரை ஒரே தோட்டாவில் எதிரி சாய்ந்துவிடுவான். 2022 நவம்பரில் இதன் மேகசினில் இருந்த 10 தோட்டாக்களை 5 ஆக்கினார்கள். விலை அதே விலை, அடியும் அதே அடி. துப்பாக்கியின் வலுவில் இம்மியளவும் குறையவில்லை. ஆனால் ஆடுகிறவனின் கணக்கு தலைகீழானது. பத்து இருந்தபோது புகைக்குண்டு கிளப்பிய திரைக்குள் இரண்டு, மெல்லிய சுவருக்குள் இரண்டு என்று குத்துமதிப்பாகச் சுட்டுப் பார்த்துவிட்டு, உண்மையான எதிரிக்கும் மிச்சம் வைத்திருப்பான். ஐந்து ஆன பிறகு அந்தத் தாராளம் போயிற்று. எதிரணிக்கும் காது இருக்கிறதல்லவா? ஐந்தாவது வெடிச்சத்தம் கேட்டதும், மறுபடி தோட்டா நிரப்ப அவனுக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகும் என்று தெரிந்து உள்ளே பாய்வார்கள். முன்பு தனியாக ஒரு வழியைக் காத்து நின்றவன் இப்போது பக்கத்தில் ஒரு துணையாளை நிறுத்திக்கொள்கிறான். இதற்கு ‘வலுக்குறைப்பு’ என்று பெயரிட்டால், படிக்கிறவர் அடி குறைந்துவிட்டது என்றுதான் எண்ணுவார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. அதே ஆட்டத்தில் தற்காப்பு அணிக்கு மட்டும் கிடைக்கும் ஏயூஜி, குறிநோக்கி பொருத்திய துப்பாக்கி. நெடுநாளாக அதைச் சீந்துவாரில்லை. 2018இல் விலையை 3,300இலிருந்து 3,150 ஆக்கினார்கள். எல்லோரும் வழக்கமாக வாங்கிய எம்4 துப்பாக்கி அப்போது 3,100. இடைவெளி 200 ஆக இருந்தவரை ‘எதற்கு வீண் செலவு’ என்றவர்கள், 50 ஆனதும் ‘குறிநோக்கியோடு வருகிறதே’ என்று வாங்கத் தொடங்கினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களே எம்4ஐக் கைவிட்டு இதற்கு மாறினார்கள். தொலைவிலிருந்து ஒரு மூலையைக் குறிவைத்துக் காத்திருப்பது தற்காப்பின் வழக்கமாகிப்போனது. கடைசியில் 2019இல் பழைய விலைக்கே ஏற்றி, குறிநோக்காமல் சுடும்போது இருந்த துல்லியத்தையும் குறைத்தார்கள்.

இங்கே எம்4க்கு என்ன நேர்ந்தது? யாரும் அதைத் தொடவில்லை. அதன் விலையும் அடியும் அப்படியே இருந்தன. ஆனாலும் அது சில மாதங்களுக்கு ஓரங்கட்டப்பட்டது. ‘வலுக்குறைப்பு’ என்னும் சொல்லுக்கு இந்த நிலையைச் சொல்ல வழியே இல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘மழுக்கு’.

மழுக்கு, மழுங்கு என்ற இரட்டை நமக்குக் கையிருப்பு. அடக்கு–அடங்கு, முடக்கு–முடங்கு, ஒடுக்கு–ஒடுங்கு வரிசையில் வருவது. ஏடபிள்யூபியை மழுக்கினார்கள், எம்4 தானே மழுங்கியது. ஆட்ட நிறுவனம் கைவைத்துச் செய்ததையும், பக்கத்துத் துப்பாக்கி ஓங்கியதால் இது தாழ்ந்ததையும் ஒரே வேரிலிருந்து, ஓர் எழுத்து வேறுபாட்டில் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்ல ‘மறைமுக’ என்று ஓர் அடைமொழியை ஒட்டவேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘மழுங்குவது கத்திக்கும் கோடரிக்கும்தானே, துப்பாக்கிக்கு ஏது முனை?’ என்று கடலூர் நண்பர் கேட்டிருந்தார். அறிவு மழுங்குகிறது, உணர்ச்சி மழுங்குகிறது என்று எழுதுகிறோமே, அவற்றுக்கு மட்டும் முனை இருக்கிறதா? தவிர, ‘நெர்ஃப்’ என்பதே பஞ்சுபோன்ற நுரைப்பொருளில் செய்த பொம்மைகளின் வணிகப்பெயர். வீட்டுக்குள் எறிந்து விளையாடினாலும் எதுவும் உடையாத பந்தாக 1970இல் கடைக்கு வந்தது. 1990களின் இறுதியில் அல்டிமா ஆன்லைன் என்னும் இணைய ஆட்டத்தை ஆடியவர்கள், தங்கள் வாள்களின் ஆற்றல் குறைக்கப்பட்டபோது ‘நெர்ஃப் மட்டையால் அடிப்பதுபோல் இருக்கிறது’ என்று புலம்பியதில்தான் இந்தப் பொருள் பிறந்தது. அடிபட்டாலும் உறைக்காத ஆயுதம் என்பது கருத்து. மழுங்கிய வாள் என்றால் அதேதான்.

லாஸ்பேட்டையில் என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் மாலையில் மொட்டைமாடியில் கைப்பேசியோடு உட்காருவார்கள். அவர்களிடம் ‘மழுக்கிவிட்டார்கள்’ என்று சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்கவில்லை. ஒருவன் மட்டும், ‘மொக்கையாக்கிவிட்டார்கள் என்றே எழுதுங்களேன்’ என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது வலுவான சான்றாகப் பட்டது. மொக்கை என்பதன் முதற்பொருளே கூரின்மை. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்று நம் வீடுகளில் சொல்வதுதான். பிள்ளைகள் ஏற்கெனவே பாதி வழி வந்து நிற்கிறார்கள்.

எதிர்ச்சொல்லில்தான் இழுபறி. ‘கூர்ப்பு’ அழகான சொல், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது பரிணாமத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்தும் நம் குழுவில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘தீட்டு’ வினையாகச் சரி, ‘துப்பாக்கியைத் தீட்டினார்கள்’ எனலாம். பெயர்ச்சொல்லாக ‘தீட்டு’ என்று தலைப்பில் போட்டால் வேறு நினைப்பு வரும், அது வேண்டாம். ‘கூராக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார். ‘மழுக்கம்’ மட்டும் விடமாட்டேன்.

கடலூர் நண்பர், மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலையை எடுத்துக்காட்டியது பொருத்தமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2000இல் முழுத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கரையோர எல்லைக்கு அப்பால் பயன்படுத்தலாம் என்றது. வலையின் கண்ணோ நீளமோ மாறவில்லை. ஆனால் தேவனாம்பட்டினத்தில் எந்த நாள் எத்தனை ஆள் கடலுக்குப் போவது, டீசல் எவ்வளவு பிடிப்பது, மற்ற நாளில் எந்த வலை எடுப்பது என்று எல்லாமே மாறும். இதை வலுக்குறைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவர் வாதம், அது என் கட்சிக்குத்தான் சாதகம். பப்ஜி வகை ஆட்டங்களில் ஏடபிள்யூஎம் துப்பாக்கியை வழக்கமான வரைபடங்களில் வானிலிருந்து விழும் பெட்டியில் மட்டும் வைத்திருப்பதும் இந்த வகைக் கட்டுப்பாடுதான். அதன் அடியைக் குறைக்காமல், அதை எடுக்கப் போகிறவனை வெட்டவெளிக்கு இழுக்கிறார்கள். துப்பாக்கியைத் தேடாமல், பெட்டியைச் சுற்றிப் பதுங்கியே பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு.

பயன்பாட்டில் ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் குறிப்பில் ‘மேகசின் 10இலிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது’ என்று இருந்தால் நாமும் அப்படியே எழுதவேண்டும். அங்கே ‘மழுக்கப்பட்டது’ என்று நுழைக்கக்கூடாது. மழுக்கமா கூராக்கமா என்பது ஆடுகிறவர்களின் தீர்ப்பு. வாலொரன்ட் என்னும் இன்னொரு துப்பாக்கி ஆட்டத்தில் ஆப்பரேட்டர் துப்பாக்கியின் விலை 2020இல் 4,500இலிருந்து 5,000 ஆனது, 2021இல் 4,700க்கு இறங்கியது. 2020இலிருந்தே ஆடுகிறவனுக்கு மொத்தத்தில் மழுக்கம். 5,000 விலையில் பழகத் தொடங்கியவனுக்கு அது கூராக்கம். மொழிபெயர்ப்பாளர் ஏன் நடுவே புகுந்து தீர்ப்புச் சொல்லவேண்டும்? உரையாடல் பகுதி, உதவிப் பக்கம், தலைப்புகள் ஆகிய இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

‘மெட்டா’ பற்றிச் சுருக்கமாக. ‘மேலாட்டம்’ எனக்குப் பிடிக்கவில்லை, பேயாட்டம்போல் ஒலிக்கிறது. ஒரு காலத்தில் எல்லோரும் எந்தத் துப்பாக்கியை எடுத்து எப்படி ஆடுகிறார்கள் என்பதற்கு ‘ஆட்டப்போக்கு’ போதும். ‘ஏயூஜி மழுக்கப்பட்டதும் ஆட்டப்போக்கு மாறியது’ என்று எழுதினால் செய்தித்தாளில்கூட நெருடாது.

முற்றுகையிடும் அணிக்கு ‘உழிஞை’, காக்கும் அணிக்கு ‘நொச்சி’ என்று ஐயா சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. கோட்டையை வளைப்பவரும் காப்பவரும் தனித்தனிப் பூச்சூடிய மரபு நம்முடையது, ஆட்டமும் அப்படியே அமைந்திருக்கிறது. ஆனால் லாஸ்பேட்டை மாடியில் ‘நொச்சி’ என்றால் கொசுவுக்குப் புகை போடும் இலைதான் நினைவுக்கு வரும். அணிச் சின்னத்தில் அந்தப் பூக்களை வரையலாம், பெயர்கள் ‘தாக்கும் அணி’, ‘காக்கும் அணி’ என்றே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சொற்கோப்பைப் பூட்டுகிறோம். ‘கூராக்கம்’ வேண்டாம் என்பவர்கள் அதற்குள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். காசைச் செலவழிக்காமல் ஒரு சுற்றைத் தோற்கவிடுவதற்கு ‘சேமிப்புச் சுற்று’ என்று போட்டிருக்கிறேன். அஞ்சலகச் சேமிப்புபோல் இருப்பதாக அக்கா மகன் குறைப்படுகிறான். அதற்கும் ஒரு சொல் தேவை.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து