குன்னூர் வீடு: தாத்தாவின் தொப்பி

சனி, காலை 7:42

சரோஜா: எல்லோருக்கும் வணக்கம். அப்பா தலைத்திவசத்துக்கு இன்னும் 9 நாள்தான். படையலில் வேட்டி, மூக்குப்பொடி டப்பா, தொப்பி மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். இப்போதுதான் பரணிலிருந்து தொப்பியை இறக்கினேன். படம் போடுகிறேன், யாரும் திட்ட வேண்டாம்.

சரோஜா: [படம்]

சரோஜா: [படம்]

மீனா: ஐயோ அத்தை

செல்வம்: எலியா?

சரோஜா: எலி இல்லை அண்ணா, அந்து. ஓரத்தில் மூன்று ஓட்டை, ரிப்பனுக்கு மேலே ஒன்று. போதாததற்கு முன்பக்கம் கிள்ளிவிட்ட மாதிரி ஒரு மடிப்பு இருக்குமே, அதில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

வசந்தா: பாச்சை உருண்டை போடவில்லையா சரோஜா

சரோஜா: போட்டேன் அண்ணி. எல்லாம் போட்டேன்.

வசந்தா: சும்மா கேட்டேன்

கார்த்தி: புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே, ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வருகிறது

செல்வம்: படையல் வைக்கிறோமா, மாறுவேடப் போட்டிக்குப் போகிறோமா

வசந்தா: காந்திபுரத்தில் டார்னிங் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். என் பட்டுப்புடவையில் ஊதுபத்தி சுட்ட ஓட்டையை இருந்த இடம் தெரியாமல் அடைத்தார். கொடுத்து அனுப்பு.

குமரேசன் (சிட்னி): டார்னிங் வேண்டவே வேண்டாம் அண்ணி. துணிக்குப் பாவும் ஊடையும் உண்டு, அதனால் இழை ஓட்டலாம். இது ஃபெல்ட், நெசவே கிடையாது. முயலின் அடிமுடியை ஆவியிலும் வெந்நீரிலும் விட்டு அழுத்தி உருட்டுவார்கள், முடியின் மேல் இருக்கும் பொடிச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சடைபிடித்துவிடும், நம் மீனாவுக்குச் சின்ன வயதில் தலை இருந்த மாதிரி. அதில் ஊசி போட்டு இழுத்தால் நூல் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஊசி போன இடமே கிழியும். என்னிடம் ஒரு அகூப்ரா தொப்பி இருக்கிறது, இங்கே கெம்ப்சி என்ற ஊரில் செய்வது, அதுவும் முயல் முடிதான். 1859இல் வேட்டையாடுவதற்கென்று ஒருவர் கொண்டுவந்து விட்ட முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்துவிட்டன, அதனால் இங்கே முடிக்குப் பஞ்சமே

கார்த்தி: மாமா ஆரம்பித்துவிட்டார்

மீனா: என் தலையை ஏன் இழுக்கிறீர்கள் சித்தப்பா

குமரேசன் (சிட்னி): அக்கா, பரணில் எப்படி வைத்திருந்தாய்? ஓரம் கீழே படும்படியா, உச்சி கீழே படும்படியா?

சரோஜா: ஓரம் கீழே. தொப்பியை வேறு எப்படி வைப்பார்கள்

குமரேசன் (சிட்னி): அதுதான் தப்பு. மல்லாத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த எடையும் ஓரத்தில் இறங்கி வளைவு போய்விடும். அப்புறம் பாச்சை உருண்டை, இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும், திறந்த பரணில் நமக்குத் தலைவலிதான் மிச்சம். தின்பது பறக்கிற அந்து இல்லை, அதன் புழு. வியர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் ஊறிய இடமாகப் பார்த்துத் தின்னும். பிரஷ் போடாமல் உள்ளே வைத்தால் சாப்பாடு போட்டுக் கூப்பிட்ட மாதிரி.

சரோஜா: சிட்னியிலிருந்து சொல்வது சுலபம் தம்பி. பத்து மாதம் அப்பா படுக்கையில் இருந்தபோது நான் தொப்பிக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

குமரேசன் (சிட்னி): அதைச் சொல்லவில்லை அக்கா

செல்வம்: சரி சரி. வெடிப்பும் புழுவா?

குமரேசன் (சிட்னி): இல்லை. அது கை வேலை. எடுக்கும்போதும் போடும்போதும் அந்த மடிப்பிலேயே கிள்ளிப் பிடித்தால் அங்கே நைந்து வெடிக்கும்.

சரோஜா: அப்பா ஒருநாளும் அங்கே பிடித்ததில்லை. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, பாத்திரம் இறக்குகிற மாதிரி இறக்குவார்.

மீனா: [படம்]

மீனா: என் கல்யாண ஆல்பம். அப்பா, விரலைப் பாருங்கள்

செல்வம்: ஒரு போட்டோவுக்கு எடுத்தால் வெடித்துவிடுமா

குமரேசன் (சிட்னி): ஒரு தடவையில் வெடிக்காது அண்ணா

கார்த்தி: ஒரு விஷயம் சொல்லணும். யாரும் கத்தக் கூடாது. போன வருஷம் ஊட்டி போனபோது தொப்பியை எடுத்துப்போனேன். கார் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். மத்தியானம் முழுக்க.

சரோஜா: கார்த்தி!!

குமரேசன் (சிட்னி): அப்போது உள்ளே சுற்றியிருக்கும் தோல் பட்டை சுருங்கியிருக்கும். வெயிலில் தோல் சுருங்கினால் தொப்பியையும் சேர்த்து இழுக்கும்.

செல்வம்: அந்தக் காலத்து ரயில்வே லோகோ ஷெட் துரை கையால் கொடுத்த தொப்பி, இவன் ஊட்டிக்கு எடுத்துப்போனான்

சரோஜா: எந்தத் துரை? அப்பா மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் எட்டு ரூபாய்க்குப் பழசாக வாங்கியது.

செல்வம்: அது வேறு தொப்பி

சரோஜா: வேறு தொப்பியே கிடையாது

வசந்தா: மட்டனா சைவமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், ஆள் சொல்லணும்.

மீனா: கோயம்புத்தூர் வண்டிக்கு மலையேற இ-பாஸ் எடுக்கணுமா?

கார்த்தி: எடுக்கணும். எங்கள் டி.என். 43 நீலகிரி வண்டிக்குத் தேவையில்லை.

குமரேசன் (சிட்னி): அக்கா, வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மென்மையான பிரஷ், ஷூ பிரஷ் கூடாது, கோவிலில் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகப் போட வேண்டும், முடி அந்தப் பக்கம்தான் படியும். எண்ணெய்க் கறை மேல் கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி இரவு விட்டுக் காலையில் தட்டு. ஓட்டைக்கு, தோல் பட்டையைப் புரட்டினால் அடியில் வெளியே தெரியாத ஃபெல்ட் இருக்கும், அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் அதே நிறத்தில் பஞ்சுப் பொடி வரும். அதைத் துணிப்பசை ஒரு சொட்டில் குழைத்து, ஊசி முனையால் ஓட்டைக்குள் அமுக்கி, காய்ந்ததும் லேசாகத் தேய். வெடிப்புக்கு உள்பக்கம் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டு. நசுங்கலுக்கு ஆவி. பட்டையில் மட்டும் ஆவி படவே கூடாது. மீதிப் புழு சாக, பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் 2 வாரம்.

வசந்தா: மீன் வைக்கிற இடத்திலா

செல்வம்: 9 நாள்தான் இருக்கிறது, 2 வாரமாம்

குமரேசன் (சிட்னி): அது படையல் முடிந்த பிறகு அண்ணா

ஞாயிறு, காலை 11:05

சரோஜா: இட்லிப் பானை ஆவியில் பிடித்தேன். நசுங்கியிருந்த உச்சி தானாக எழும்புகிறது! விரலால் தொட்டால் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. அடுப்படி முழுக்க அப்பா தலை வாசனை. அம்மா வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மீனா: படம் அத்தை

சரோஜா: [படம்]

குமரேசன் (சிட்னி): அருமை. பட்டையைப் புரட்டிவிட்டாயா?

சரோஜா: புரட்டினேன். உள்ளே காகிதம் மடித்துச் செருகியிருக்கிறது. தினத்தந்தியைக் கிழித்துச் சுற்றிலும் வைத்திருக்கிறார்.

குமரேசன் (சிட்னி): தொப்பி பெரிதாக இருந்தால் அப்படித்தான் வைப்பார்கள். அளவு பார்த்து வாங்கியது இல்லை என்று அர்த்தம்.

சரோஜா: மூர் மார்க்கெட்!!

செல்வம்: துரை தலையும் பெரிதாக இருக்கலாம்

சரோஜா: இருங்கள். பேப்பர் மட்டும் இல்லை. இதைப் பாருங்கள்.

சரோஜா: [படம்]

மீனா: என்ன அது, தெரியவில்லை

சரோஜா: அடகு ரசீது. கடைப் பெயர் கிழிந்துவிட்டது. 14-6-1984. வளையல் ஒரு ஜோடி, மூன்று பவுன், 2,500 ரூபாய்.

கார்த்தி: பாட்டி வளையலா

வசந்தா: எந்த வளையல்

வசந்தா: நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம் காணாமல் போன வளையலா

மீனா: அம்மா, மெதுவாக

வசந்தா: என்ன மெதுவாக? நாற்பது வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் "அந்த ஜோடி எங்கே போனதோ" என்று என் கையைப் பார்த்தே கேட்டிருக்கிறார்கள். இப்போது தொப்பிக்குள் இருக்கிறது.

சரோஜா: நான் ஒருநாளும் கேட்டதில்லை அண்ணி

வசந்தா: நீ கேட்கவில்லை. பார்த்தாய்.

செல்வம்: 84 ஜூன். குமரேசனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருஷம்.

கார்த்தி: ஆமாம் மாமா, கட் ஆஃப் கதையைச் சொல்லும்போதெல்லாம் 84 என்பீர்களே

மீனா: சித்தப்பா?

கார்த்தி: நீல டிக் வந்துவிட்டது

கார்த்தி: டைப்பிங் காட்டுகிறது... நின்றுவிட்டது... மறுபடி காட்டுகிறது

குமரேசன் (சிட்னி): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: அம்மாவுக்குத் தெரியுமா?

சரோஜா: ரசீதைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, படிக்க முடியாது என்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வசந்தா: நல்லது. திவசத்துக்கு வருகிறேன். நேரில் கேட்கிறேன்.

மீனா: தொப்பி படையலுக்குப் பிறகு யாரிடம் இருக்கும்?

செல்வம்: மூத்த மகனிடம்

சரோஜா: கிள்ளி வெடிக்க வைத்தவரிடமா

கார்த்தி: நான் கேட்கவே இல்லை

ஞாயிறு, மாலை 4:30

குமரேசன் (சிட்னி): அக்கா, ஈரம் காயும்வரை பட்டையை வெளியே புரட்டியே வை. ஹேர் டிரையர் போடாதே, வெயிலிலும் வைக்காதே. தானாகக் காயட்டும்.

வசந்தா: வளையல் மீட்டார்களா இல்லையா, அதைச் சொல்

குமரேசன் (சிட்னி): எனக்கு உண்மையிலேயே தெரியாது அண்ணி. ஃபீஸ் கட்டியாகிவிட்டது என்று மட்டும்தான் அப்பா சொன்னார்.

குமரேசன் (சிட்னி): டிக்கெட் போட்டுவிட்டேன். வியாழன் இரவு கோயம்புத்தூர்.

செல்வம்: யார் அழைத்து வருவது

வசந்தா: மட்டன் ஆறு கிலோ போதுமா? யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.