புதுப்பிப்பு: ஸ்வீட் ஹோம் 3டி-யில் அறையின் உள்ளளவு குறைவது தீர்ந்தது

வீட்டு வரைபடம் போடும் இந்த மென்பொருளில் 10 அடிக்குச் சுவர் வரைந்தால் அறையின் உள்ளே 9 அடி 3 அங்குலமே வருகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

காந்த ஈர்ப்பை (வரையும் கோட்டைக் குறிப்பிட்ட கோணத்துக்கும் அளவுக்கும் தானாக இழுக்கும் வசதி) நிறுத்திப் பார்த்தும் குறை போகவில்லை. சுவரின் நடுக்கோட்டை, அதாவது தடிமனின் நடுவே ஓடும் கோட்டை, கவனிக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. இந்த மென்பொருள் சுவரின் நீளத்தை நடுக்கோட்டில் வைத்தே கணக்கிடுகிறது. எங்கள் வீட்டில் 9 அங்குலச் செங்கல் சுவர். அதனால் இரு முனையிலும் பக்கச் சுவரின் பாதித் தடிமன், நாலரை அங்குலம், அறைக்குள்ளே வந்துவிடுகிறது. வரையும்போதே என்டர் விசையை அழுத்தி, நீளம் 10 அடி 9 அங்குலம் என்று கொடுத்தேன். உள்ளளவு கச்சிதமாக 10 அடி!

எதிர்பாராதது ஒன்று: பிறகு தடிமனைக் கூட்டினால் சுவர் இருபுறமும் சமமாக விரிந்து அறை மறுபடி சுருங்குகிறது. தடிமனை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு பக்கம் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால், உள்ளளவோடு கூட்ட வேண்டியது ஆறே முக்கால் அங்குலம்தான்.