என் கொள்முதல் விலையைவிட ஆன்லைனில் குறைவு: செல்போன் கடைக்காரன் என்ன செய்வது?

புதுகை செல்கடை:

வணக்கம். புதுக்கோட்டையில் 2011 முதல் செல்போன் கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு நானும் ஒரு பையனும், சர்வீஸ் பார்க்க இன்னொரு தம்பி. போன வாரம் பழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் வந்து, ஆன்லைனில் ஒரு மாடலைக் காட்டி, "இந்த விலைக்குத் தருவீங்களா, உங்ககிட்டயே வாங்கிக்கிறேன்" என்றார். பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டர் எனக்கு பில் போடும் விலையைவிட அது 1,400 ரூபாய் குறைவு. லாபமே வேண்டாம் என்று கொடுத்தால்கூட கைக்காசைப் போட வேண்டும். அவர் மேல் தப்பில்லை, மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிற நேரம், ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்கிற குடும்பம். ஆன்லைனில் வாங்கினார். அப்புறம் டெம்பர் கிளாஸ் ஒட்டவும், பழைய போனிலிருந்து போட்டோ, நம்பர் எல்லாம் மாற்றவும் என் கடைக்குத்தான் வந்தார். செய்து கொடுத்தேன்.

எனக்கு இரண்டு கேள்வி. இந்த விலை அவர்களுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது, இதற்குச் சட்டம் எதுவும் கிடையாதா?

இன்னொன்று, பெரிய ஆன்லைன் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து, கடையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, தினம் 30, 40 பார்சலை அக்கம்பக்கத்துத் தெருக்களில் கொடுத்தால் பார்சலுக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்கிறார். மதியம் பையன் சும்மாதான் இருக்கிறான். ஆனால் என் வியாபாரத்தைப் பறிக்கிற பெட்டியை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது மனதுக்கு ஒப்பவில்லை. வீட்டில் "மனசைப் பார்க்காதீங்க, வாடகையைப் பாருங்க" என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி முன்னாள் டிஸ்ட்ரிபியூட்டர்:

தம்பி, ஒன்பது வருடம் மொபைல் டிஸ்ட்ரிபியூஷன் பார்த்துவிட்டு 2022-ல் விட்டவன் நான். அந்த விலை ஒரே இடத்தில் குறைவதில்லை. கார்டு தள்ளுபடியில் வங்கி கொஞ்சம், பிராண்டு கொஞ்சம், அமேசான் மாதிரி ஆன்லைன் தளம் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொள்வார்கள், எக்ஸ்சேஞ்ச் போனஸ் அதற்கு மேல் தனி. புதுக்கோட்டையில் மாதம் நாற்பது போன் விற்கிற கடைக்கு இதில் பாதிகூட வந்து சேராது.

அப்புறம் சரக்கு யாருடையது என்ற விஷயம். வெளிநாட்டு முதலீட்டில் நடக்கிற தளம் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கிற சந்தையாக மட்டும்தான் இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. நடந்ததைப் பார். அமேசானில் மிகப் பெரிய விற்பனையாளராக இருந்த கிளவுட்டெயில், அமேசானும் நாராயண மூர்த்தியின் கட்டமரான் நிறுவனமும் கூட்டாக வைத்திருந்த கம்பெனிக்குச் சொந்தமானது. 2018 டிசம்பரில் அரசு விதியை இறுக்கியது: தளத்துக்குப் பங்கு உள்ள கம்பெனி அதே தளத்தில் விற்கக் கூடாது, ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 சதவீதத்துக்கு மேல் தளத்தின் குழுமத்திடமிருந்து வாங்கினால் அது தளத்தின் சரக்காகவே கருதப்படும். 2019 பிப்ரவரி 1-ல் அது அமலுக்கு வந்ததும் கிளவுட்டெயிலின் பொருள்கள் தளத்திலிருந்து காணாமல் போயின. சில நாளில் அமேசான் அந்தக் கூட்டுக் கம்பெனியில் தன் பங்கை 49-லிருந்து 24 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது, கிளவுட்டெயில் திரும்பி வந்தது. 2022 மே மாதம் வரை ஓடியது.

2021-ல் ராய்ட்டர்ஸ் அமேசானின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதிய செய்தி எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2019 தொடக்கக் கணக்குப்படி இந்தியாவில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்பனையாளர்கள், அதில் வெறும் 35 பேர் மொத்த விற்பனை மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருந்தார்கள். "சின்ன வியாபாரிகளுக்கு நாடு முழுக்கச் சந்தை" என்று விளம்பரத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 35 தான் ஞாபகம் வரும். நீ அந்த வாடிக்கையாளரின் கடையாக இத்தனை வருடம் உழைத்தும் தோற்றது உன் திறமைக் குறைவால் இல்லை, அதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளாதே.

மதுரை ஆடிட்டர்:

மேலே ஐயா சொன்னதோடு போட்டிச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். டெல்லி வியாபாரிகள் சங்கம் ஒன்று கொடுத்த புகாரில், வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய் அது மறுபடி நகர்வதற்கே 2021 ஆகிவிட்டது. 2024-ல் ஆணையத்தின் விசாரணைப் பிரிவு அறிக்கை வந்தது. அதில் இருந்த குற்றச்சாட்டுகள்: சில விற்பனையாளர்களைத் தேடலில் முன்னால் நிறுத்தியது, அடிமாட்டு விலைத் தள்ளுபடி, சாம்சங், ஷாவ்மி போன்ற கம்பெனிகளோடு சேர்ந்து சில மாடல்களைத் தன் தளத்தில் மட்டும் வெளியிட்டது. உங்களைப் போன்றவர்களை நேரடியாகத் தொடுவது அந்தக் கடைசி விஷயம்தான், தீபாவளிக்கு எல்லோரும் கேட்கிற மாடல் கடைக்கே வராமல் போவது. ஆனால் அது விசாரணை அறிக்கைதான், தீர்ப்பு இல்லை. இரண்டு கம்பெனிகளும் தப்பு செய்யவில்லை என்கின்றன. 2025 ஜனவரியில் பல உயர் நீதிமன்றங்களில் கிடந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு அனுப்பியது.

சட்டம் இருக்கிறது என்பதுதான் என் பதில். அது வந்து சேர்வதற்குள் கடை வாடகை ஐந்து வருடம் கட்டியாக வேண்டும், எனக்கு அதில்தான் கோபம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் தென்னிந்திய சில்லறை விற்பனையாளர் சங்கம் ஒன்று, லாபம் போதவில்லை, குறைகளைத் தீர்க்கவில்லை என்று சொல்லி மே 1 முதல் ஒன்பிளஸ் போன் விற்க மாட்டோம் என்று கடிதம் கொடுத்தது. தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் சுமார் 4,500 கடை. தனியாக நீங்கள் கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் போனையே எடுக்க மாட்டார், அப்படிச் சேர்ந்து நின்றால் கம்பெனி உட்கார்ந்து பேசும்.

சேலம் கூரியர்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா, ஏனென்றால் அதில் கை சுட்டுக்கொண்டவன். சேலம் பக்கம் ஒரு சின்ன ஊரில் கூரியர் கிளை எடுத்திருந்தேன். முதல் மூன்று வருடம் எங்களுக்கு வந்த லோடில் பாதிக்கு மேல் ஒரே ஆன்லைன் கம்பெனியுடையது. அதை நம்பி இரண்டு வண்டி கடனில் வாங்கினேன், நாலு பையன்களைச் சேர்த்தேன். ஒரு திங்கட்கிழமை வண்டி வந்தது, அதில் வழக்கமாக வருவதில் கால்வாசிகூட இல்லை. எங்கள் பின்கோடுக்கு அந்தக் கம்பெனி தன் சொந்த ஆட்களைப் போட்டுவிட்டது. எந்த வீட்டில் நாய் இருக்கிறது, யார் மதியம் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று எங்கள் பையன்கள் வெயிலில் அலைந்து கற்றதை அவர்கள் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தப் பையன்களில் இருவர் அடுத்த வாரமே அங்கே சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. ஈகாம் எக்ஸ்பிரஸ் எவ்வளவு பெரிய பார்சல் கம்பெனி! அதற்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் மீஷோ என்ற ஆன்லைன் விற்பனைத் தளம். மீஷோ வால்மோ என்று தனக்கே ஒரு டெலிவரி அமைப்பை வளர்த்தது. 2025-ல் ஈகாம் எக்ஸ்பிரஸை டெல்லிவரி என்ற இன்னொரு பார்சல் கம்பெனி சுமார் 1,400 கோடிக்கு வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் என்ற பார்சல் கம்பெனி 2019-லேயே அமேசானோடு இருந்த ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது, அங்கேயே இன்னொரு பார்சல் கம்பெனியான யுபிஎஸ் 2025 ஜனவரியில் அமேசான் பார்சல்களைப் பாதிக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. யுபிஎஸ்ஸுக்கு அமேசான்தான் மிகப் பெரிய வாடிக்கையாளர், அப்படியும் லாபம் போதவில்லை என்று அவர்களாகவே குறைக்கிறார்கள். அவ்வளவு பெரியவர்களே ஒரே ஆளை நம்பப் பயப்படுகிறார்கள்.

எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பையனின் சும்மா இருக்கிற நேரத்துக்கு மட்டும் எடுங்கள். அதற்காக வண்டி வாங்காதீர்கள், ஆள் சேர்க்காதீர்கள், சிஓடி பணத்தை, அதாவது பார்சலைக் கொடுக்கும்போது வாங்குகிற பணத்தை, ஒருநாள்கூடக் கடைக் கல்லாவோடு கலக்காதீர்கள். ரிட்டர்ன் எடுப்பதற்கும், ஆள் இல்லாமல் திரும்பி வருவதற்கும் காசு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு இல்லை என்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது.

அறந்தாங்கி டீச்சர்:

வாங்குகிற பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. நான் ஆன்லைனுக்குப் போனது விலைக்காக இல்லை. எங்கள் ஊரில் ஒரு கடையில் ஹெட்செட் வாங்கினேன், வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் கேட்கவில்லை. மறுநாள் போனால் பில்லில் அச்சடித்ததைக் காட்டினார், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது". பெண்ணாகத் தனியாகப் போய் நின்று சண்டை போட எனக்கு முடியவில்லை. ஆன்லைனில் அந்தச் சண்டையே கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் வீட்டு வாசலில் வந்து எடுத்துப்போகிறார்கள். உங்களைப் போல, வேறு இடத்தில் வாங்கிய போனுக்கும் முகம் சுளிக்காமல் வேலை செய்து கொடுக்கிற கடை எங்கள் ஊரில் இருந்தால் 500 ரூபாய் கூடவே கொடுத்து வாங்குவேன், 1,400 என்றால் யோசிப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

மதுரை ஆடிட்டர்:

டீச்சர் சொன்ன வாசகத்தை பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதுகை செல்கடை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், கோபமே இல்லை, என் பில்லிலும் அந்த வரி இருக்கிறது. 2011-ல் அச்சகத்தில் எல்லோருக்கும் போடுவதைப் போட்டுக் கொடுத்தார்கள், இத்தனை வருடம் நான் அதைப் படித்ததுகூட இல்லை. புது பில் புத்தகம் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

பஜாரில் செல்கடை வைத்திருக்கிற மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பதினொரு பேரில் ஆறு பேர் வந்தார்கள். கவர், சார்ஜர், கிளாஸ் மூன்றையும் முதலில் சேர்ந்து கொள்முதல் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம், எங்களுக்கு மிஞ்சுவது அதிலும் சர்வீஸிலும்தான், போனில் இல்லை. டேட்டா மாற்றிக் கொடுப்பதற்கும் இனி 100 ரூபாய் என்று போர்டு வைக்கப் போகிறேன், என்னிடம் போன் வாங்கியவர்களுக்கு மட்டும் இலவசம்.

பார்சல் வேலையை மூன்று மாதம் எடுத்துப் பார்க்கிறேன், சேலம் தம்பி சொன்ன எல்லைக்குள். ஒன்று கேட்க வேண்டும் தம்பி: சிஓடி பணத்தை தினம் எத்தனை மணிக்குள் கட்டச் சொல்வார்கள்? இங்கே வங்கியில் நாலு மணிக்கு மேல் பணம் வாங்குவதில்லை, பையன் பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பவே ஐந்தாகும்.