அரசியல்வாதியின் பழைய பேச்சை எடுத்துப் போட்டபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீடு வீடாகப் போனவன்:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். இரண்டு தேர்தலுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்சிக்காக ஓட்டுக் கேட்டுப் போனேன். எதிர்த்து நின்றவர் "அரசு மருத்துவமனையை மூட விடமாட்டேன்" என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். அவரே ஆறு வருடம் முன்னால் "இந்த மருத்துவமனையை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை" என்று பேசிய வீடியோ எங்கள் கையில் சிக்கியது. அன்று எங்கள் அலுவலகத்தில் கொண்டாட்டம்தான். பதினான்கு விநாடிக்கு வெட்டி டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்து, "பேசவே வேண்டாம், போட்டுக் காட்டு, போதும்" என்று அனுப்பினார்கள்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், "இவனுங்க எல்லாமே இப்படித்தான்" என்றார்கள். ("எல்லாமே" என்பதில் எங்கள் கட்சியும் சேர்த்திதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.) இரண்டாம் நாள் வயதான ஓர் அம்மா கதவைத் திறந்தார். பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடுப்பா" என்றார். போட்டேன். கடைசி விநாடியில் அந்த ஆள் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார். அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்கிவிட்டார், அதற்குள் வெட்டியிருக்கிறோம். அந்த அம்மா சரியாக அந்த வாயின்மேல் விரலை வைத்தார். "இதுக்கப்புறம் என்னமோ சொல்ல வர்றாரே தம்பி, அது எங்க?"

என்னிடம் இல்லை. ராத்திரி முழு வீடியோவைத் தேடிப் பார்த்தேன். "முதலில் டாக்டரைப் போடுங்கள், அப்புறம் புதுக் கட்டடம் கட்டலாம்" என்பதுதான் அடுத்த வரி. முரண்பாடே கிடையாது. எங்கள் ஆட்களிடம் சொன்னேன். "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்கள். நான் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கடைசி நாள் வரை போட்டுக் காட்டினேன். அந்த அம்மா இருந்த தெருவுக்கு மட்டும் மறுபடி போகவில்லை.

கட்டிங் பிரிவு:

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு வருடம் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்தவன் நான். ஒவ்வொரு தலைவர் பெயரிலும் ஒரு உறை. செய்தியை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் தேதி முத்திரை குத்தி உள்ளே போடவேண்டும். முத்திரை விட்டுப்போனால் என் மேலாளர் அந்தத் தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிடுவார். "தேதி இல்லாத பேச்சு, பேசாத பேச்சு" என்பார். இன்று ஃபார்வர்டில் வருகிற முக்கால்வாசி கிளிப்பும் அவர் கணக்கில் குப்பைதான்.

எனக்கு மறக்காத அனுபவம் வேறு. தேர்தல் நெருங்கும்போது பழைய பேச்சைக் கேட்டு எதிர்க்கட்சிக்காரர்கள்தான் வருவார்கள் என்று நினைப்பீர்கள். ஒரு தடவை ஒரு வேட்பாளரின் உதவியாளரே வந்தார். "ஐயா பேசினது எல்லாம் வேணும். எதிராளி எதை எடுப்பான்னு முதல்ல நாங்க பாத்துக்கணும்ல." இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தார். ஒரு கட்டத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு, "இதை எப்ப சொன்னாரு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். உறையை எண்ணிப் பார்த்தால் இரண்டு தாள் குறைகிறது! பைண்ட் செய்த பழைய தொகுதி தனியாக மாடியில் இருப்பது அவருக்குத் தெரியாது, பாவம்.

பெரிய கட்சிகளும் அதையேதான் பெரிய அளவில் செய்கின்றன. 2013 நவம்பரில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி, 2000 முதல் 2010 வரையிலான தன் பேச்சுகளைத் தன் இணையதளத்திலிருந்து தூக்கியது பெரிய செய்தியானது. இணையதளத்தைச் சரிசெய்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இணைய ஆவணத்தில் பிரதி இருந்தது. எங்கள் மாடி மாதிரி.

ராத்திரி ஷிஃப்ட்:

முதல் பதிவு எழுதியவருக்கு: நீங்கள் வெட்டினீர்கள், சரி. யாரும் வெட்டாமலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. 2004 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி, ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கான 87 பில்லியன் டாலர் மசோதாவைப் பற்றி, "எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் ஆதரித்துத்தான் வாக்களித்தேன்" என்று தன் வாயாலேயே சொன்னார். புஷ் தரப்பு உடனே அதை விளம்பரத்தில் போட்டுவிட்டது. உண்மையில் அவர் ஆதரித்தது வேறு வடிவம்: பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டலாம் என்ற திருத்தம். அது தோற்றதும் இறுதி மசோதாவை எதிர்த்தார். இதை விளக்க எனக்கே இத்தனை வரி ஆகிறது. சறுக்கலுக்கு ஒரே வரி போதும். ஓட்டுப் போடுகிறவரிடம் யார் இத்தனை வரி பேசுவது?

மைக் பிடித்தவர்:

வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, கையில் பிரின்ட் அவுட்டோடு, "நாலு வருஷம் முன்னாடி இப்படிச் சொன்னீங்க, இப்போ அப்படிச் சொல்றீங்க. நீங்க பொய்யர்தானே?" என்றார். வேட்பாளர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நிதானமாக முழுதும் படித்தார். "ஆமாம், சொன்னேன். அப்போது எனக்கு விவரம் போதாது. அந்தத் திட்டம் நடந்த இடத்தைப் போய்ப் பார்த்தபிறகு மாறினேன்" என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. கேட்ட பையன் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் அதே தாள், அதே வேட்பாளர், வேறு ஒரு பெண். அவர் கேட்டது இதுதான்: "எப்ப போய்ப் பார்த்தீங்க ஐயா? எந்த மாசம்?" அவ்வளவுதான். மனிதர் தடுமாறிவிட்டார். கூட்டணி மாறிய மாதத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் விஷயம் என்று மொத்த அரங்குக்கும் புரிந்தது. அன்றுமுதல் மைக்கைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: திட்டாதீர்கள், தேதி கேளுங்கள்.

எதுவும் மாறாது:

எல்லாம் சரி, இதனால் ஓட்டு மாறியதா? 2019 மக்களவைத் தேர்தலில் மகாராஷ்டிரத்தில் ராஜ் தாக்கரே செய்ததை விடப் பெரிதாக யார் செய்துவிட்டார்கள்? அவர் கட்சி அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. ஆனாலும் கூட்டம் கூட்டமாகப் போய், மேடையில் பெரிய திரை கட்டி, மோடியின் பழைய பேச்சுகளை ஓட்டி, "லாவ் ரே தோ வீடியோ" என்பார். "போடுடா அந்த வீடியோவை" என்று நம் ஊர்ப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசனத்துக்கு ஜனம் விசில் அடித்தது. முடிவு? 48 தொகுதியில் 41 பாஜக - சிவசேனா கூட்டணிக்கு. அதோடு முடியவில்லை. 2024 இல் அதே ராஜ் தாக்கரே மோடிக்கு நிபந்தனையில்லாத ஆதரவு என்று அறிவித்தார். இனி அவருடைய வீடியோவை வேறு யாராவது போடவேண்டியதுதான்.

கையெழுத்து போட்டவர்கள்:

மேலே உள்ளவர் சொல்வதில் பாதிதான் சரி. பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த நிக் கிளெக்கை மறந்துவிட்டார். 2010 இல் அந்தக் கட்சி வேட்பாளர்கள், கல்லூரிக் கட்டணத்தை உயர்த்தினால் எதிர்த்து வாக்களிப்போம் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதைக் கையில் பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் ஆட்சியில் பங்கு கிடைத்ததும் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக, கிட்டத்தட்ட மூன்று மடங்காக ஏறியது. 2012 இல் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015 இல் அவர்கள் கட்சி 57 இடத்திலிருந்து 8 இடத்துக்கு விழுந்தது. எல்லாம் அந்த அட்டையால்தான் என்று சொல்லமாட்டேன், கூட்டணிக் கோபமும் இருந்தது. ஆனால் அந்த போட்டோவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அடிபட்டவர்கள் வீட்டில் கட்டண ரசீது இருந்தது. அமெரிக்காவில் முதல் புஷ் (அப்பா புஷ்) 1988 அதிபர் தேர்தலில் "புதிய வரி கிடையாது" என்று சொல்லிவிட்டு 1990 இல் வரி உயர்வுக்கு ஒத்துக்கொண்டதும் இந்த ரகம்தான். 1992 இல் அதை முதலில் எடுத்து அடித்தவர் அவர் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்ற புக்கானன். எதிர்க்கட்சி வேட்பாளர் கிளின்டன் அப்புறம்தான் வருகிறார்.

பொதுவாக ஒன்று கவனித்திருக்கிறேன்: "அன்று அவரைத் திட்டினாய், இன்று கட்டிப்பிடிக்கிறாய்" வகை கிளிப்புக்குச் சிரிப்பு வரும், ஓட்டு வராது. பாக்கெட்டில் கைவைத்த பல்டிதான் வலிக்கும்.

மினிட்ஸ் படிப்பவள்:

என்னுடையது சின்ன விஷயம். உள்ளாட்சி மன்றத்தில் எங்கள் பகுதிப் பிரதிநிதி ஒரு குடிநீர்த் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். திட்டம் நிறைவேறியது. திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டியவர் அவரேதான், "என் இடைவிடாத முயற்சி" என்று நோட்டீஸ் வேறு. நான் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கி, அந்தப் பக்கத்தை அப்படியே, ஒரு வரி கருத்துக்கூடச் சேர்க்காமல், அவருடைய நோட்டீஸின் பக்கத்திலேயே ஒட்டினேன். இரண்டும் நான்கு நாள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் என்னுடையது அப்படியே இருக்கிறது, அவருடையது கிழிந்திருக்கிறது. அவர் ஆட்களே கிழித்ததாகப் பக்கத்தில் சொன்னார்கள். பேச்சை விட வாக்குப் பதிவைத் தேடுங்கள் என்பேன். "திரித்து வெளியிட்டார்கள்" என்று சொல்ல வழியே இல்லை.

சும்மா ஒரு கேள்வி:

குரலையே இயந்திரத்தில் செய்கிறார்களே, இனி இதையெல்லாம் யார் நம்பப் போகிறார்கள்? உண்மையான கிளிப்பைப் போட்டாலும் "அது நான் இல்லை, ஏஐ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கட்டிங் பிரிவு:

அதற்குத்தான் தேதி, இடம், அன்றைய பத்திரிகை. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்த நாலு பேர். குரலைச் செய்யலாம், மறுநாள் நாலு பத்திரிகையில் வந்த செய்தியைப் பின்னால் போய்ச் செய்யமுடியாது.

வீடு வீடாகப் போனவன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன தேர்தலில் எங்கள் கட்சி அந்த மருத்துவமனைக்காரரோடு கூட்டணி. அவருக்கே ஓட்டுக் கேட்டுப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். எதிர்த் தரப்பு ஒரு வீடியோ விட்டது: "அன்று இவரைப் பற்றி இவர்கள் என்ன சொன்னார்கள் பாருங்கள்." எங்கள் தலைவர் ஒரு வாசலில் நின்று ஆவேசமாகப் பேசுகிறார். பின்னால் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பது நான்தான். முழு வீடியோ, வெட்டாமல் போட்டிருந்தார்கள்.