வள்ளப் பலகையில் உப்புப் பூக்குது, வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் சின்னப் பட்டறை வச்சிருக்கேன். ஃபைபர் படகு வந்த பிறகு கரையில கிடந்து மக்குற பழைய வள்ளம், வத்தைன்னு மரப் படகையெல்லாம் வாங்கிப் பிரிச்சு பெஞ்சு, டீப்பாய், சிற்பம்னு செய்றேன். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். படகைப் பழுது பாக்குற வேலை நடக்குற அப்பத்தான் கழிச்ச பலகை கிடைக்கும்.

போன மாசம் மூணடியில ஒரு ஆவுளியா (நம்ம கடல்பசுதான்) செதுக்கினேன். இழைக்கும்போதே பட்டறை முழுக்க மீன் எண்ணெய் வாடை. காலங்காலமாப் படகுல பூசினதாச்சே! பாலிஷ் போட்டுப் பத்தே நாள்ல முதுகுல வெள்ளையா உப்புப் பூத்து, செதில் செதிலா உரியுது. தொட்டா ஈரம். ஆணி இருந்த இடத்தைச் சுத்திக் கருவளையம் வேற. அது எனக்கு அழகாத்தான் தெரியுது, வாங்குறவங்களுக்குத்தான் பிடிக்கல.

நல்ல தண்ணியில ஊறப்போடுன்னாங்க. குடிக்கவே காசு குடுத்துத் தண்ணி வாங்குற ஊர்ல தொட்டிக்கு எங்க போக? ஐப்பசி, கார்த்திகை மழையில வெளிய போட்டு வச்சா உப்பு இறங்குமா? ரெண்டு அங்குலப் பலகைக்கு ஒரு மழைக்காலம் போதுமா? எண்ணெய் ஏறின மரத்துக்குப் பாலிஷுக்குப் பதிலா தேன்மெழுகு நிக்குமா?

இன்னொண்ணு, உள்ள முறிஞ்சு கிடக்குற ஆணியால ரெண்டு வாள் பல்லு போயிடுச்சு. காந்தம் வச்சுப் பாத்தா இரும்பு மாட்டுது, செப்பாணி மாட்ட மாட்டேங்குது. படகு கட்டுற மேஸ்திரிமார் யாராவது இருந்தா கைவழி சொல்லுங்கண்ணே. அடுத்த வத்தையைப் பிரிக்காம வச்சிருக்கேன்.